அடுப்படி தள்ளிப் போய்விட்டது: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 செப்டம்பரில் மருமகள்தான் அவரை அழைத்து வந்தார். காரைக்குடியில் என் உளவியல் ஆலோசனை அறை மாடியில் இருக்கிறது. படியேறி வந்தவர் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வயது 56. ஊர், கண்டனூரும் புதுவயலும் தாண்டி ஒரு கிராமம். முப்பது வருடமாகச் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பலகாரம் போடுகிறவர். மனகோலம், தேன்குழல், மாவுருண்டை, அதிரசம், சீப்புச் சீடை என்று டின் டின்னாக நிரப்பிக் கொடுத்த கை. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எழுத அவரும் மருமகளும் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருமகள் சொன்னவை இவை. அத்தை யாரோடும் பேசுவதில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். எட்டு மாதப் பேரனைத் தூக்குவதே இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த இரண்டு பலகார வேலைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால், "இது என் வீடு மாதிரியே இல்லடி" என்கிறார்.

அக்காவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "என்னான்னு சொல்றது தாயி. எல்லாம் இருக்கு. இருந்தும் வெறிச்சுன்னு கெடக்கு. அடுப்படி தள்ளிப் போயிருச்சு. நான் போய் நிக்கிறேன், ஆனா அது அங்கிட்டு இருக்கு, நான் இங்கிட்டு இருக்கேன்."

அன்று நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தைக் கொடுத்தேன். 27க்கு 13 வந்தது. மிதமான மனச்சோர்வு. கணவர் இறந்து ஆறு வருடம், கொரோனா தொற்றுக் காலம், வேலை இழப்பு, வீட்டில் புதுக் குழந்தை. காரணங்களுக்குப் பஞ்சமில்லை. "தள்ளிப் போயிருச்சு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "உலகம் மெய்யல்ல என்ற உணர்வு?" என்று கேள்விக்குறி போட்டுக் குறித்துக்கொண்டேன். மனநல மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, ஆபத்தான எண்ணம் ஏதும் இல்லை, மருந்து உடனே தேவையில்லை, பேசிப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

இரண்டாவது சந்திப்பு முழுக்க வீண். "மனசுக்குள்ள என்ன ஓடுது அக்கா?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "உள்ள ஒண்ணும் இல்ல தாயி" என்று அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். மறைக்கிறார் என்று நினைத்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் தப்பான இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பி அந்த ஒலிப்பதிவைக் கேட்டபோது ஒன்று உறைத்தது. நாற்பது நிமிடத்தில் அவர் ஒரு தடவைகூடத் தன்னைப் பற்றிப் பேசவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது, அடுப்படி தள்ளிப் போயிருக்கிறது, பகல் நீளமாக இருக்கிறது, எண்ணெய் சும்மா கிடக்கிறது. அத்தனையும் உலகத்தைப் பற்றிய முறையீடு. அதை நான் ஒவ்வொரு தடவையும் அவர் மனசைப் பற்றியதாக மாற்றி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இந்த மாற்றி எழுதும் பழக்கத்தைத்தான் நிகழ்வியல் உளவியல் கேள்வி கேட்கிறது. ஃபினாமினாலஜி என்று அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னால் பலர் மிரள்கிறார்கள், அடிப்படை எளிமையானது. 1874இல் தத்துவவாதி பிரென்டானோ சொன்னார்: மன நிகழ்வு எதுவானாலும் அது ஏதோ ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும். கேட்பதென்றால் ஒன்றைக் கேட்பது, பயமென்றால் ஒன்றின் மேல் பயம். அவரிடம் படித்த ஹுஸ்ஸேர்ல் இதை வெகுதூரம் கொண்டுபோனார். மனம் ஒரு பெட்டி, அதற்குள் உலகத்தின் படங்கள் வந்து விழுகின்றன என்று எண்ணுவதை விடுங்கள். அனுபவத்தைப் பார்க்க வேண்டுமானால் அனுபவத்தில் தோன்றும் பொருளைப் பாருங்கள், அது எப்படித் தோன்றுகிறதோ அப்படியே பாருங்கள் என்பது அவர் வழி. 1927இல் ஹுஸ்ஸேர்லின் வழியில் வந்த தத்துவவாதி ஹைடெகர் மனிதனையே உலகில்-இருப்பவன் என்று கோடு போட்டுச் சேர்த்து எழுதினார். சொற்களுக்கு நடுவில் இருக்கும் அந்தக் கோட்டைத்தான் நான் இரண்டு சந்திப்புகளாக அறுத்துக்கொண்டிருந்தேன்.

டச்சு மனநல மருத்துவர் வான் டென் பெர்க் சொல்லும் ஓர் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பனி பெய்யும் மாலை. நண்பர் வருவதாக இருக்கிறது. கணப்பு பக்கத்தில் ஒரு மது பாட்டிலை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். பாதை மூடிவிட்டது, வர முடியாது என்று நண்பர் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பாட்டில் கண்ணில் படுகிறது. அப்போதுதான் அந்த மாலை எவ்வளவு தனியாகிவிட்டது என்று தெரிகிறது. அவர் கேட்கிறார்: நான் தனிமையை எங்கே பார்த்தேன்? என் நெஞ்சுக்குள்ளா, பாட்டிலிலா? நெஞ்சுக்குள் இருந்த தனிமையைப் பாட்டில் மேல் பூசினேன் என்று சொல்வது பிற்பாடு கட்டும் விளக்கம். பார்த்தபோது அது பாட்டிலில்தான் இருந்தது.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட வெளியே போக வேண்டியதில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவில் நின்று பாருங்கள். அதே தூண்கள், அதே ஆத்தங்குடிக் கல், அதே முற்றத்து வெயில். முந்தின நாள் தோள் இடித்து நடந்த இடம், இன்று காலடி எதிரொலிக்கிறது. "வீடே வெறிச்சுன்னு ஆயிருச்சு" என்கிறோம். மனசு வெறிச்சென்று ஆனது என்று யாரும் சொல்வதில்லை. அகத்திணைக் கவிதை மரபும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, பிரிவையும் காத்திருப்பையும் அவற்றோடு சேர்த்தே சொல்லிற்று. பழைய புலவர்களை உளவியலாளர்களாக்க நான் முயலவில்லை. ஆனால் அக்காவின் பேச்சு அந்த மரபில் வருவது. அதைக் காது கொடுத்துக் கேட்க நான்தான் மறந்திருந்தேன்.

அடுப்படியில்

மூன்றாவது சந்திப்பை என் அறையில் வைக்கவில்லை. அவர் வழக்கமாகப் பலகாரம் போடும் பெரிய வீட்டுக்கு, வீட்டு ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு, இருவரும் போனோம். முகப்பு, வளவு தாண்டி இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி. விசேஷமில்லாத நாள். கிடாரங்கள் கவிழ்த்து வைத்திருந்தன. கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். "உங்களுக்கு எப்படி இருக்கு" என்று கேட்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு, "இந்த இடத்தைப் பத்திச் சொல்லுங்க அக்கா. முன்னாடி எப்படி இருக்கும், இப்போ எப்படி இருக்கு?" என்றேன்.

அவர் நின்றுகொண்டே ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முந்தைய இரண்டு சந்திப்பிலும் சேர்த்துப் பேசாததை அங்கே பேசினார்.

"பாசிப்பருப்ப வறுக்கப் போட்டா அது சொல்லும் தாயி. மொதல்ல ஒரு பச்ச வாசம் வரும். அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லாது. அப்பறம் ஒரு வாசம் வரும் பாரு, நான் பின்கட்டுல இருந்தாலும் வந்து எறக்கிருவேன். கண்ணு பாக்க வேண்டியதே இல்ல. ஆவணிக்கு முன்னாடி ஒரு படி மாவுருண்டைக்கு வறுத்தேன். நின்னுக்கிட்டே இருந்தேன். சொல்லும் சொல்லும்னு நின்னேன். சொல்லல. பாத்தா கருகிப் போச்சு. முப்பது வருசத்துல கருக விட்டதில்ல. பருப்பு எங்கிட்டச் சொல்லல தாயி."

அப்போதுதான் கேட்டேன். மே மாதம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது, அக்காவுக்கும் தொற்று உறுதியானது. அப்போது வாசனை போயிருக்கிறது. "எல்லாருக்கும்தான் போச்சு, பத்து நாள்ல வந்துரும்னாங்க. மத்தவுகளுக்கு வந்துருச்சு." அவருக்கு வரவில்லை. நாலு மாதம் ஆகியிருந்தது. மூச்சுத் திணறிச் செத்துப் போனவர்களைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருந்தபோது, மூக்கு வேலை செய்யவில்லை என்று ஒரு குறையாகச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. மருமகளுக்கே தெரியாது. நானும் கேட்கவில்லை. என் முதல் சந்திப்புப் படிவத்தில் உறக்கம், பசி, கவனம் எல்லாம் இருந்தன. மோப்பம் இல்லை. இப்போது சேர்த்திருக்கிறேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்ன விளக்கம் தெளிவானது. இந்தக் கிருமி மோப்ப நரம்பணுக்களை விட, அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களைத்தான் முதலில் தாக்குகிறது. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு நரம்பு மறுபடி முளைத்து வர மாதக்கணக்காகும். நாக்கு தருவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மாதிரிச் சில அடிப்படைச் சுவைகளைத்தான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது வாயின் பின்பக்கம் வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. மிளகாயின் எரிப்பு வேறொரு நரம்பின் வேலை, அது அவருக்கு அப்படியே இருந்தது. அவர் வைத்த குழம்பு நாலு மாதமாக ஏன் அப்படி உறைத்தது என்று மருமகளுக்கு அன்று புரிந்தது.

சரி, காரணம் கிடைத்துவிட்டது, இனி இது மூக்கு வைத்தியரின் வேலை என்று நான் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்காததற்குக் காரணம் இருக்கிறது. மூக்குக்குள் என்ன ஆயிற்று என்பதை அந்த விளக்கம் சொல்கிறது. "அடுப்படி தள்ளிப் போயிருச்சு" என்பதை அது தொடவில்லை. ஓர் உணர்வு குறைந்தால் உலகத்தில் ஒரு பொருள்தானே குறைய வேண்டும், வாசனை மட்டும்தானே இல்லாமல் போக வேண்டும்? அக்காவுக்குப் போனது நேரம், தூரம், நம்பிக்கை, பேரன். இது ஏன் என்பதுதான் என் கேள்வி.

பிரித்து எழுதியபோது

அமெரிக்காவில் டியூகேன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் அமெதியோ ஜியோர்ஜி 1970களில் வகுத்துக் கொடுத்த வழியைத்தான் பின்பற்றினேன். ஒருவர் தன் வாயால் விவரித்ததை முழுதாக வாசிக்க வேண்டும். பொருள் மாறும் இடங்களில் கோடு கிழித்துப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் வாழப்பட்டது என்ன என்று உளவியல் நோக்கில் எழுத வேண்டும். கடைசியில் அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யும்போது, இந்த அனுபவத்துக்குக் காரணம் என்ன, இது உண்மையா பிரமையா என்ற நம் முன்முடிவுகளை அடைப்புக்குறிக்குள் போட்டு ஓரமாக வைத்திருக்க வேண்டும். ஹுஸ்ஸேர்ல் இதை எபோக்கே என்றார். சொல்வது எளிது. கணவரை இழந்த பெண், தனிமை, சோர்வு என்று நான் முதல் நாளே எழுதி முடித்திருந்த கதையை ஓரமாக வைக்கவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மோப்ப இழப்பின் பொது அமைப்பு இதுதான் என்று சொல்ல முடியாது. ஜியோர்ஜி குறைந்தது மூன்று பேராவது வேண்டும் என்பார். ஆகவே கீழே எழுதுவது இந்த ஒருவரின் உலகம் மட்டும்.

முதலில் நேரம். நம் சமையலில் நேரத்தை நாம் கடிகாரத்தில் அளப்பதே இல்லை. "பச்சை வாசனை போகும் வரை வதக்கவும்" என்கிறோம். எத்தனை நிமிடம் என்று கேட்டால் சமையல் தெரிந்தவர் சிரிப்பார். பச்சை வாசனை என்பது மசாலாவின் ஒரு குணம்தானா? அது "இன்னும் இல்லை, பொறு" என்ற சொல். அது போவது "இப்போது" என்ற சொல். அந்தச் சொல் நின்றதும் அக்காவுக்கு அடுப்படியில் "இப்போது" என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. பருப்பு வறுபடுகிறது, ஆனால் எதை நோக்கியும் போகவில்லை. "பகல் நீளமா இருக்கு" என்று முதல் நாள் சொன்னதை நான் சோர்வின் அறிகுறியாகக் குறித்திருந்தேன். அடுப்பில் இருந்த நேரம் மொத்தமும் கரைந்துபோனால் பகல் நீளமாகத்தான் இருக்கும்.

அப்புறம் தூரம். 1945இல் பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போன்டி பார்வையற்றவரின் கைத்தடியைப் பற்றி எழுதினார். பழகிய பிறகு அந்தத் தடி அவருக்கு ஒரு பொருளாகத் தெரிவதில்லை, தடியின் நுனியில்தான் அவருடைய தொடுகை தொடங்குகிறது. உடம்பு தோலோடு முடிந்துவிடுவதில்லை என்பது அதன் பொருள். அக்காவின் உடம்பு பின்கட்டில் நின்றாலும் இருப்புச்சட்டி வரைக்கும் நீண்டிருந்தது. வாசனைதான் அந்த நீட்சி. அது அறுந்ததும் அவர் தோலுக்குள் சுருங்கி வந்துவிட்டார், அடுப்படி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு தள்ளிப் போய்விட்டது. "அது அங்கிட்டு இருக்கு, நான் இங்கிட்டு இருக்கேன்." இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. இதற்குப் பக்கத்தில் நான் போட்ட கேள்விக்குறியை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறேன்.

இன்னொன்றையும் சொன்னார். காரைக்குடியிலிருந்து பேருந்தில் திரும்பும்போது எப்போதும் கண்ணயர்ந்துவிடுவாராம். புதுவயல் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் வாசம் வந்ததும் விழிப்பு வரும், அடுத்து இறங்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு நாள் ஊரைத் தாண்டி அறந்தாங்கிப் பாதையில் வெகுதூரம் போய்விட்டார். இறங்கி நின்ற இடத்தில் அழுதிருக்கிறார். வழி தெரியாமல் அழவில்லை. "புதுவயல் இல்லாமப் போச்சு தாயி. பஸ்ஸு அந்த வழியாத்தான் போயிருக்கும். ஆனா எனக்கு அது வரவே இல்ல." வரைபடத்தில் இருக்கும் புதுவயலும் அவர் வாழும் புதுவயலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. அன்றுதான் அவை விலகி நின்றன. ஹுஸ்ஸேர்ல் கடைசிக் காலத்தில், 1936இல், வாழ்வுலகு என்று எழுதியது இந்த இரண்டாவது புதுவயலைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அளவெடுக்கும் அறிவியல் இந்த வாழ்வுலகத்தின் மேல்தான் எழுந்து நிற்கிறது, ஆனால் அதை மறந்துவிடுகிறது என்பது அவர் கவலை.

நம்பிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பயமாகவே வெளிப்பட்டது. சமையல் எரிவாயுவுக்குத் தனி மணம் கிடையாது. கசிவு தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். ஒரு நாள் சிலிண்டர் திருகி முழுதாக மூடாமல் இருந்ததை மருமகள்தான் ஓடிவந்து அடைத்தார். அக்கா பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் தனியாக அடுப்படிக்குள் போகவில்லை. தன் மேல் வேர்வை நாற்றம் அடிக்குமோ என்று மூன்று வேளை குளித்தார். அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை.

பேரனைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார். அந்த அடுப்படியின் சுவர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சு, கையால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும். அதில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "பிள்ள தலைய மோந்து பாத்தேன் தாயி. இந்தச் சுவத்த மோந்த மாதிரி இருந்துச்சு. பிள்ளைய எறக்கி விட்டுட்டேன். அதுக்கப்பறம் தூக்கல."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஜெர்மானிய மனநல மருத்துவர் டெல்லன்பாக் 1968இல் வாசனையையும் சுவையையும் பற்றி எழுதியது அன்று இரவு நினைவுக்கு வந்தது. பார்ப்பதற்கு எதிரே ஒரு பொருள் வேண்டும். வாசனை எதிரே நிற்பதில்லை, நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. ஒரு வீட்டின், ஒரு மனிதரின் சூழலை நாம் முதலில் மூக்கால் அறிகிறோம். குழந்தைக்குத் தாயின் நெருக்கமும் அப்படித்தான் கிடைக்கிறது என்பார். தமிழில் வாசம் என்றால் மணம், வாசம் என்றால் குடியிருத்தலும். இரண்டும் ஒரே வேர்தான் என்று நான் வாதாடவில்லை. ஆனால் இந்த அக்காவுக்கு ஒன்று போனபோது மற்றதும் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

செய்தவை

செய்தவை பெரிய விஷயங்கள் இல்லை. முதல் காரியம், அவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டது. "உங்க மனசுல கோளாறு இல்ல அக்கா. அடுப்படி தள்ளித்தான் போயிருக்கு. எதனால போச்சுன்னு இப்போ தெரியும். எவ்வளவு தூரம் திரும்ப வரும்னு சேர்ந்து பாப்போம்." அவர் அழுதார். பைத்தியம் பிடிக்கிறதோ என்று நாலு மாதமாகத் தனக்குள் பயந்துகொண்டிருந்ததை அப்போதுதான் சொன்னார்.

எரிவாயுக் கசிவுக்கு ஒலி எழுப்பும் கருவியை மகன் வாங்கி மாட்டினார். பாதுகாப்பு ஏற்பாடாகத்தான் நான் அதைக் கேட்டேன். ஆனால் அந்த வாரமே அக்கா தனியாக அடுப்படிக்குள் போனார்.

மூக்கு மருத்துவர் மோப்பப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். ட்ரெஸ்டன் நகரில் தோமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை, காலையும் இரவும், பன்னிரண்டு வாரம் முகர்ந்து வர வேண்டும். அக்கா ஒரு வாரம் செய்துவிட்டு நிறுத்திவிட்டார். "புட்டிக்குள்ள இருக்கிற கிராம்பு என்ன தாயி கிராம்பு. அது எதுக்கும் இல்லாம சும்மா கெடக்கு." முதலில் இதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நுணுக்கமான கவனிப்பு. கிராம்பு அவருக்கு ஒருபோதும் தனிப் பொருளாக இருந்ததில்லை. நெய் காய்ந்து, பட்டை, கல்பாசி விழுந்து, கிராம்பு வெடித்து, அடுத்து வெங்காயம் விழவேண்டிய ஒரு நொடியாக இருந்தது. ஆகவே இரண்டையும் வைத்துக்கொண்டோம்: புட்டிப் பயிற்சி தினம் இரு வேளை, அதோடு ஒரு நாளைக்கு ஒரு தடவை உண்மையான தாளிப்பு. பக்கத்தில் மருமகள் நின்று, தனக்கு வரும் வாசத்தை வாயால் சொல்ல வேண்டும். "இப்போ கிராம்பு வருதுத்தே. இப்போ பச்ச வாசம். இப்போ போயிருச்சு." இரண்டாவது வழி நரம்பை வளர்த்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அத்தையும் மருமகளும் ஒரே அடுப்பின் முன்னால் நின்றார்கள், ஐந்து மாதத்தில் முதல் தடவையாக. அது என் கண் முன்னால் நடந்தது.

வேலையை எப்படித் தொடங்குவது என்று பேசியபோது வெள்ளைப் பணியாரத்தைத் தேர்ந்தெடுத்தது அக்காதான். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி, மேலே கோபுரமாக உளுந்தைக் குவித்து அளந்து, ஊற வைத்து, வெண்ணெயாக ஆட்டி எடுப்பது. ஒரு கரண்டி மாவை எண்ணெயில் ஊற்றினால் அடியில் போய் மேலே எழும்பி வரும், திருப்பிப் போட்டுச் சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும். "இது கண்ணுக்கான பலகாரம் தாயி. மூக்கு வேணாம்" என்றார். எனக்கு அது தெரியாது. எந்தப் பலகாரம் எந்தப் புலனிடம் பேசும் என்ற கணக்கு அவர் கையில் இருந்தது. தேன்குழலுக்குக் காது: எண்ணெயின் சலசலப்பு அடங்கினால் எடுக்கலாம். அதிரசப் பாகுக்கு விரல்: தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கலாம். மாவுருண்டைக்குப் பருப்பு வறுப்பது மட்டும் மூக்கைத் தவிர வேறு யாரிடமும் பேசாது. அதைக் கடைசிக்கு வைத்தோம்.

நவம்பர் நடுவில் ஒரு பின்னடைவு. வாசனை திரும்பத் தொடங்கியது, ஆனால் கோணலாக. காபி கொதித்தால் துணி கருகும் நாற்றம். வெங்காயம் வதங்கினால் அழுகிய நாற்றம். பூண்டைத் தாங்கவே முடியவில்லை. நரம்பு மறுபடி முளைக்கும் காலத்தில் இப்படி ஆவதுண்டு, காபியும் வெங்காயமும் பூண்டும் பலருக்கு இப்படிக் கெடுவதுண்டு என்று மருத்துவர் தைரியம் சொன்னார். அக்கா தைரியப்படவில்லை. "மொதல்ல ஒண்ணும் சொல்லாம இருந்துச்சு. இப்பப் பொய் சொல்லுது" என்றார். மௌனமான உலகத்தைவிடப் பொய் சொல்லும் உலகம் அவருக்கு மோசமாக இருந்தது. இரண்டு வாரம் மறுபடி திண்ணைக்குப் போய்விட்டார். அந்த இரண்டு வாரமும் நான் அவருக்கு உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. தினமும் தொலைபேசியில், இன்றைக்கு எது எது என்ன பொய் சொன்னது என்று கேட்டு எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். பட்டியல் மெல்ல மாறியது. டிசம்பர் முதல் வாரத்தில் எலுமிச்சை பொய் சொல்லவில்லை. கிராம்பும் கிட்டத்தட்ட கிராம்பாக இருந்தது.

டிசம்பரில் பிள்ளையார் நோன்பு வந்தது. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி நகரத்தார் வீடுகளில் இழை எடுத்துக்கொள்ளும் நோன்பு. பெரிய வீட்டு ஆச்சி, வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள், கொண்டுபோக மாவுருண்டை வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அக்கா என்னைக் கூப்பிட்டார். மருமகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பருப்பைப் போட்டு வறுக்கத் தொடங்கினார். மருமகள்தான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பருப்பு நிறம் மாறத் தொடங்கியது. மருமகள் வாயைத் திறக்குமுன் அக்கா சட்டியைத் தூக்கி இறக்கிவிட்டார். முறத்தில் கொட்டி ஆற வைத்தார். ஒரே சீராக, பொன் நிறம்.

"வாசம் வந்துச்சா அக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியல தாயி. வாசமான்னு தெரியல. சத்தமா, நெறமா, கரண்டி கனமான்னும் தெரியல. பருப்பு சொல்லிருச்சு."

இதை நான் பலமுறை திரும்ப வாசித்திருக்கிறேன். மூக்குத் திரும்பிவிட்டது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அன்று எந்தப் புலன் வேலை செய்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது பருப்பு. புலன்கள் தனித்தனியாகத் தகவல் அனுப்ப, உள்ளே உட்கார்ந்து யாரோ கூட்டிக் கழித்து ஒரு உலகத்தைக் கட்டுகிறார்கள் என்று படித்துத் தேறியவள் நான். முதலில் உலகம், பிறகுதான் கண் என்றும் காது என்றும் பிரிவு என்பதை மெர்லோ-போன்டியிடம் வாசித்தபோது தலையாட்டினேன். நம்பியது அந்த முறத்தின் முன்னால்.

பின்தொடர்ச்சி

2022 பிப்ரவரியில் அதே ஒன்பது கேள்விப் படிவம், 5 வந்தது. தை மாதத்தில் இரண்டு கல்யாணங்களுக்குப் பலகாரம் போட்டுக் கொடுத்தார். குழம்பில் மிளகாய் குறைந்துவிட்டது. பூண்டு உரிப்பதை இன்னும் மருமகளிடம்தான் கொடுக்கிறார். காபியை விட்டுவிட்டுச் சுக்குத்தண்ணீருக்கு மாறிவிட்டார். பேருந்தில் தூங்குவதில்லை, புதுவயல் வரும்போது சன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டுகிறார். சில நாள் வருகிறதாம், சில நாள் வெறும் காற்றாம்.

பேரனைத் தூக்கிக்கொண்டுதான் கடைசியாக என்னைப் பார்க்க வந்தார். பிள்ளை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் தலையில் இன்னும் ஒன்றும் வரவில்லை என்றார். தினமும் குளிப்பாட்டித் துவட்டியதும் ஒரு தடவை மோந்து பார்க்கிறாராம்.